நீலத்திரைக் கோஷ்டியும் நட்சத்திரக் கோஷ்டியும்

தம்பி, இஞ்சை வா. இப்படி இரு. உந்தப் போனைக் கொஞ்சம் கவிட்டு வை.

எந்தச் செயலியிலை எழுதினால் நல்லதெண்டு கிழமைக் கணக்காய்த் தேடுறியாம். கொம்மா சொன்னவ. ஒண்டு எழுத்துப்பிழை பாக்குமாம். ஒண்டு போனிலை எழுதினதைக் கொம்பியூட்டரிலை கொண்டுவந்து காட்டுமாம். இன்னொண்டு திரையை முழுக்கக் கறுப்பாக்கி உன்ரை மனசை ஒருநிலைப்படுத்துமாம். அடடா! சரி, எழுதினது எங்கை? ஒரு பக்கம்? அரைப் பக்கம்? தலைப்பாவது இருக்கோ?

முகத்தைச் சுளிக்காதை. உந்த வருத்தம் உன்னோடை துவங்கினதில்லை. வெள்ளவத்தையிலை வீட்டுக்குள்ளை கொம்பியூட்டர் வந்த காலத்திலையே துவங்கினது. அப்ப அதுக்குப் பின்னல் துணி போத்து வைப்பினம். செருப்பைக் கழட்டினால் தான் அறைக்குள்ளை விடுவினம். சாமியறைக்குள்ளை பூனை போய் வரும், கொம்பியூட்டர் அறைக்குள்ளை போகேலாது. அப்படிப் பொத்திப் பொத்தி வைச்ச சாமானிலை என்ன எழுதினவை எண்டு கேக்கிறியோ? பொறு, வாறன்.

முதலிலை லண்டன் மாமன்மார் கொண்டுவந்து குடுத்த சின்னப் பெட்டியள். சின்கிளேயர் ஸ்பெக்ரம், 1982 இலை வந்தது. றப்பர் விசை. ரிவியிலை பூட்டிப் பாக்க வேணும். ராஸ்வேட் எண்டொரு எழுதுற புரோகிறாம் அதுக்குக் கசற்றிலை வரும். ஒரு வரியிலை 64 எழுத்துக் கொள்ளும் எண்டு பெருமை. கொள்ளும் தான். அந்தத் திரையின்ரை அகலமே 256 புள்ளி. 64 ஆலை பிரிச்சுப் பார். ஒரு எழுத்துக்கு நாலு புள்ளி, அதுக்குள்ளை இடைவெளியும் விட வேணும். மிச்சத்துக்குள்ளை 'எம்' எண்ட ஆங்கில எழுத்தை நீ எப்படி எழுதுவாய்? அந்தப் புரோகிறாமாலை லாபம் கண்டது கண்ணாடிக்கடைக்காரர்.

கொமடோர் 64 வைச்சிருந்தவைக்கு இன்னொரு கூத்து. ஸ்பீட்ஸ்கிறிப்ட் எண்டொரு எழுதுற புரோகிறாம். 1984 தை மாசம் அமெரிக்கச் சஞ்சிகை ஒண்டு அதைத் தாளிலையே அச்சடிச்சு விட்டது. முழுக்க வெறும் இலக்கம், பக்கம் பக்கமாய். நீ இருந்து ஒவ்வொண்டாய் அடிச்சு ஏத்த வேணும். விளங்குதோ? ரைப் பண்ண உதவுற சாமானை எடுக்கிறதுக்கு முதல் நாள்முழுக்க ரைப் பண்ண வேணும். அதையும் ஆக்கள் ஆசையாய்ச் செய்தவை. கடிதம் ஒண்டு எழுதித் தா எண்டால் கை நோகுதெண்ட பொடியங்கள் தான், அந்த இலக்கம் அடிக்கேக்கை சாப்பாட்டுக்குக் கூட எழும்பாதவங்கள்.

பிறகு வந்தது பெரிய மெஷின். பெரிய மெஷினோடை பெரிய சண்டை.

ஒரு கோஷ்டி வேர்ட்ஸ்டார், அது தான் நட்சத்திரக் கோஷ்டி. 1978 இலையே வந்த எழுதுற புரோகிறாம். இடது சின்னிவிரலாலை கொன்ட்றோல் விசையை அமத்திக்கொண்டு ஈ அடிச்சால் மேலை போகும், எக்ஸ் அடிச்சால் கீழை வரும், எஸ் இடம், டி வலம். சேமிக்கிறதெண்டால் கொன்ட்றோல் கே, அதுக்குப் பிறகு எஸ். கை விசைப்பலகையை விட்டு அசையத் தேவையில்லை எண்டு அந்தக் கோஷ்டி சத்தியம் பண்ணும். உண்மையும் தான். பழகினவன்ரை விரலைப் பாத்தால் மிருதங்கக்காரன் தோத்துப்போவான். ஆனால் பழகிறதுக்குள்ளை சின்னிவிரல் சுளுக்கிவிடும்.

மற்றக் கோஷ்டி வேர்ட்பேர்பெக்ட். 1989 இலை அதின்ரை 5.1 வந்தது தான் கொண்டாட்டம். திறந்தால் வெறும் நீலம். கீழை வலப்பக்கம் நீ எந்தப் பக்கத்திலை, எந்த வரியிலை நிக்கிறாய் எண்டு ஒரு குறிப்பு. வேறை ஒண்டும் இல்லை. சேமிக்க எஃப் 10. வெளியிலை போக எஃப் 7. உதவி வேணுமெண்டால் எஃப் 1 எண்டு தானே நினைப்பாய்? இல்லையாம், எஃப் 3. அதாலை தான் விசைப்பலகைக்கு மேலை வைக்கிறதுக்கு ஒரு மட்டை பெட்டியோடை வரும். எஃப் விசைக்கெல்லாம் என்ன வேலை எண்டு அதிலை இருக்கும். களவாய்க் கொப்பி பண்ணினவனுக்கு மட்டைக்கு எங்கை போறது? காலி றோட்டிலை ஃபோட்டோகொப்பி அடிச்சு, கத்தரிச்சு, செலோரேப் போட்டு ஒட்டினவங்கள். கள்ளப் புரோகிறாமுக்கு ஒரிஜினல் மரியாதை.

இந்த இரண்டு கோஷ்டியும் சந்திச்சால் கலியாண வீட்டிலையும் சண்டை தான். எது கெதி, எது வடிவு, எதிலை அடிக்குறிப்புப் போடலாம். அடிக்குறிப்பு! வாழ்க்கையிலை ஒரு அடிக்குறிப்பும் எழுதாதவன் அதுக்காகத் தொண்டை கிழியக் கத்துவான். நான் ஒரு மூலையிலை வடையைக் கடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருப்பன். எனக்கு விளங்கினது ஒண்டு தான். ஒருத்தரும் புரோகிறாமுக்காகச் சண்டை பிடிக்கேல்லை. தான் கஷ்டப்பட்டுப் பழகினது வீணாய்ப் போகக்கூடாது எண்டு தான் பிடிச்சவை. அதை வேர்ட்ஸ்டார் செய்த கொம்பனியே விளங்கிக்கொள்ளேல்லை. எண்பதுகளின்ரை நடுவிலை வேர்ட்ஸ்டார் 2000 எண்டு புதுசொண்டு விட்டது. பழைய விசைக் கட்டளையள் அதிலை செல்லாது. பழகின விரல் எல்லாம் அநாதை. சனம் என்ன செய்யும்? புதுசாய்த் தான் பழக வேணுமெண்டால் மற்றக் கடையிலையே பழகுவம் எண்டு போட்டுது.

சரி, இப்ப வெள்ளவத்தை ஹம்டன் லேன் கதையைக் கேள். தொண்ணூறாம் ஆண்டளவு. ஒரு வீட்டிலை ஐயா மோசம் போனார். முப்பத்தொராம் நாளுக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேணும். தெரியும் தானே எங்கட வழக்கம்? படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், மருமக்களின்ரை புலம்பல், கடைசிப் பக்கத்திலை நன்றி. மூத்த மருமகன் வங்கியிலை வேலை, நட்சத்திரக் கோஷ்டி. இளைய மருமகன் தனியார் கொம்பனி, நீலத்திரைக் கோஷ்டி. வீட்டிலை ஒரு கொம்பியூட்டர், ஒரு டொட் மற்றிக்ஸ் பிறிண்டர். எதிலை அடிக்கிறது? எட்டுச் செலவு முடிஞ்சுது, வாதம் முடியேல்லை. ஒருத்தர் பக்க ஓரம் எவ்வளவு விடுறது எண்டு பிறிண்ட் எடுத்துக் காட்டுறார். மற்றவர் எழுத்தைத் தடிப்பாக்கிக் காட்டுறார். தாள் தாளாய்ப் போகுது.

ஒரு நாள் பின்னேரம் கிழவி தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சிட்டு மெல்லக் கேட்டுது: "மோனே, உதிலை தமிழ் வருமோ?"

இரண்டு பேரும் ஒராளை ஒராள் பாத்தவை.

வராது, தம்பி. வேர்ட்ஸ்டாரிலையும் தமிழ் இல்லை, வேர்ட்பேர்பெக்டிலையும் தமிழ் இல்லை. தேவாரத்தை இங்கிலீஷ் எழுத்திலையோ அடிக்கிறது? இத்தனை நாள் சண்டை, தங்களுக்கு வேண்டிய வேலையைச் செய்யவே தெரியாத இரண்டு சாமானுக்கு. இதிலை இன்னொரு வேடிக்கை. அந்த நேரம் கொழும்புப் பல்கலைக்கழகத்திலை பேராசிரியர் சமரநாயக்கவின்ரை ஆக்கள் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூண்டிலையும் எழுதுற புரோகிறாம் ஒண்டைச் செய்து முடிச்சிருந்தவை. வதன் தருவ எண்டு பேர். ஹம்டன் லேனிலை இருந்து பஸ் ஏறிப் பம்பலப்பிட்டியிலை இறங்கி நடந்தாலே பல்கலைக்கழகம் வந்திடும். போய்க் கேட்டவையோ? அமெரிக்காவிலை எது நல்லதெண்டு சஞ்சிகை வாசிச்ச ஆக்கள், பஸ் போற தூரத்திலை என்ன இருக்குதெண்டு பாக்கேல்லை.

புத்தகம் எப்படி வந்ததெண்டு கேக்கிறியோ? கடைசி மகள் பள்ளிக்கூடக் கொப்பி ஒண்டை எடுத்தாள். ஒரு இரவிலை எழுதினாள். விடியக் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்திலை குடுத்தாள். அங்கை எழுத்துக் கோக்கிற பெரியவர் பெனியனோடை நிண்டு, ஒற்றைக் கையாலை ஈய எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கோத்தார். பெட்டியைப் பாக்கிறதேயில்லை. 'க' எங்கை, 'ணை' எங்கை எண்டு விரலுக்குத் தெரியும். முப்பத்தொராம் நாளுக்கு முதல் நாளே கட்டு வீட்டை வந்திட்டுது. மருமக்கள் இரண்டு பேரும் வாசலிலை நிண்டு விநியோகிச்சவை. அதிலை மட்டும் போட்டியில்லை.

அதுக்காக மெஷின் கூடாதெண்டு சொல்லுறனோ? விசர்க்கதை. அந்த நாளிலை றோனியோ அடிச்சவனைக் கேட்டுப் பார். மெழுகுத் தாளிலை ஒரு எழுத்துப் பிழைச்சால் சிவத்தத் திராவகம் பூசி, ஊதிக் காயவிட்டு, மேலாலை திரும்ப அடிக்க வேணும். பத்துப் பிழை விட்டால் அறை முழுக்க மணம், தலையிடி. திருத்தின பக்கத்தைத் திரும்ப முழுக்க அடிக்காமல் விடலாம் எண்டது பெரிய விடுதலை தான்.

எங்கட ஊரிலேயே அதுக்குச் சாட்சி இருந்தது. பார்ன்ஸ் பிளேஸிலை ஒரு வெள்ளைக்காரர், ஆர்தர் சி. கிளார்க். 1978 இலை இனி எழுத்துக்கு ஓய்வெண்டு சொன்னவர். பிறகு ஆர்க்கைவ்ஸ் எண்ட மெஷினிலை வேர்ட்ஸ்டாரைப் போட்டு '2010' எண்ட நாவலை எழுதினார். 1982 இலை வந்த புத்தகம். முழு நாவலும் ஒரேயொரு ஐந்தங்குல டிஸ்கிலை கொழும்பிலை இருந்து நியூயோர்க் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கைத் தரை நிலையத்தாலை செய்மதியிலை போனது. புத்தகத்திலேயே அதை எழுதி வைச்சிருக்கிறார். செய்மதியை ஒரே இடத்திலை நிக்க வைச்சுச் செய்தி அனுப்பலாம் எண்டு 1945 இலை எழுதினவரும் அவர் தான். எப்படியிருக்கு? வேர்ட்ஸ்டார் செய்தவையளுக்கு, நீங்கள் தான் என்னைத் திரும்ப எழுத வைச்சியள் எண்டு நன்றியும் சொன்னவர்.

"பாத்தியளோ, புரோகிறாம் தானே எழுத வைச்சது" எண்டு துள்ளாதை. அதுக்கு முதல் முப்பது வருஷத்துக்கு மேலை புத்தகம் புத்தகமாய் எழுதித் தள்ளின மனுசன். உன்னட்டை அந்த முப்பது வருஷம் இருக்கோ? பிறகு 1984 இலை அந்த நாவல் படமாகேக்கை, லொஸ் ஏஞ்சலிஸிலை இருந்த டைரக்டர் பீற்றர் ஹயம்ஸோடை கேப்றோ எண்ட பெட்டியை ரெலிபோனிலை பூட்டித் தான் கடிதம் பரிமாறினார். கேப்றோ தெரியுமோ? தூக்கிக்கொண்டு போகலாம் எண்டு விளம்பரம். நிறை பத்துக் கிலோவுக்கு மேலை. தூக்கினவைக்குத் தெரியும்.

அங்காலை ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். நீங்கள் கண்முழிச்சுப் பாத்த ட்றாகன் படத்தின்ரை கதையை எழுதின ஆள். இண்டர்நெட் பூட்டாத டொஸ் மெஷினிலை வேர்ட்ஸ்டார் 4 இலை எழுதுறார். அந்த மொத்தப் புத்தகமெல்லாம் அதிலை வந்தது தான். 2011 க்குப் பிறகு அந்த வரிசையிலை அடுத்த நாவல் வரேல்லை, உண்மை. அதுக்கு வேர்ட்ஸ்டாரைக் குற்றம் சொல்லாதை. உனக்கு அந்தச் சாட்டுக் கூட இல்லை.

அப்ப எது தான் திறம் எண்டு கேக்கிறாய். அந்தக் காலத்திலை நான் ஆரும் கேட்டால் சொல்லுறது: பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு எது தெரியுமோ, அது. சிரி, சிரி. இரவு பத்து மணிக்குப் பிறிண்டர் தாளைக் கடிச்சுக்கொண்டு நிக்கேக்கை ஆர் வருவான்? அமெரிக்கச் சஞ்சிகைக்காரன் வருவானோ? 1996 இலை மழையில்லாமல் ஒவ்வொரு நாளும் மணிக்கணக்காய் லைற் நிண்டுது, ஞாபகமிருக்கோ? நீ அப்ப பிறக்கேல்லை. சேமிக்காமல் விட்டது எல்லாம் போனது. வேர்ட்ஸ்டாரிலை எழுதினதும் போனது, வேர்ட்பேர்பெக்டிலை எழுதினதும் போனது. மின்வெட்டுக்குக் கோஷ்டி தெரியாது. பிளொப்பியிலை இருந்து கொஞ்சமாவது மீட்டுத் தந்தவன் பக்கத்து வீட்டுப் பொடியன்.

பேந்து விண்டோஸ் வந்தது, தமிழும் வந்தது. எங்கட பக்கம் எல்லாரும் பாமினி எழுத்துரு தான். பழைய தமிழ் ரைப்ரைட்டர் பழகின விரலுக்கு அது தோது. அந்தத் தமிழ் ரைப்ரைட்டரை வடிவமைச்சவரும் எங்கட சுண்டிக்குளியிலை பிறந்து சிங்கப்பூருக்குப் போன முத்தையா தானே. இத்தனை எழுத்தையும் நாலு வரிசைக்குள்ளை அடக்கிறது எப்படி எண்டு இருந்து யோசிச்ச மனுசன். அவருக்கு ஒப்பிட்டுப் பாக்க வேறை மெஷின் எங்கை இருந்தது?

பாமினியிலை 'அம்மா' எண்டு வர வேணுமெண்டால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் அடிக்க வேணும். எழுத்துரு இருக்கிற கொம்பியூட்டரிலை அது அம்மா. இல்லாததிலை அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் தான். இப்ப யுனிகோட் இருக்கிறபடியால் உங்களுக்கு அந்தக் கரைச்சல் தெரியாது. அந்த நாளிலை எங்கட மாமி ஒராள், ஸ்காபரோவிலை இருக்கிற மகனுக்கு ஈமெயில் போட்டவ. பேரன் ஒருத்தனை இருத்தி வைச்சு, தான் சொல்லச் சொல்ல அடிப்பிச்சு, சுகம் விசாரிச்சு, மருமகளைப் பற்றி நாலு குறையும் சேத்து நீளமாய் ஒரு கடிதம். அங்கை பாமினி இல்லை. மகன் அடுத்த நாள் கோல் எடுத்துப் பதறிப்போய்க் கேட்டான்: "அம்மா, என்ன உது முழுக்கப் பாஸ்வேர்ட்டாய் அனுப்பியிருக்கிறியள்?"

மாமி யோசிச்சுப் பாத்தா. அந்தப் பேரனிட்டையே கேட்டு எழுத்துருவை அனுப்பியிருக்கலாம். அனுப்பேல்லை. மருமகளுக்கும் அது வாசிக்கத் தெரியாது எண்டது அப்ப தான் அவவுக்கு ஓடினது. அதுக்குப் பிறகு மருமகளைப் பற்றின பகுதி மட்டும் பாமினியிலை போகும். மிச்சம் கையெழுத்திலை எழுதி, காலி றோட்டுக் கொமியூனிகேசன் கடையிலை இருந்து ஃபக்ஸ்.