மைனஸ் 20இல் வியர்வை

மதுரையில் மார்கழிக் காலை எப்படியும் 20 டிகிரி இருக்கும். அதற்கே, பால் வாங்கப் போகிற எனக்குக் குரங்குக் குல்லா மாட்டிவிட்டவள் என் அம்மா. பின்லாந்தின் ஔலு நகரில் மைனஸ் 20, ஆபீசுக்கு சைக்கிளில் போகிறேன் என்றால் சும்மா இருப்பாளா? "இருக்கறதையெல்லாம் போட்டுக்கிட்டுப் போடா" என்றாள்.

போட்டுக்கொண்டேன். இரண்டு பனியன், கம்பளிச் சட்டை, ஸ்வெட்டர், ஜாக்கெட், அதற்கு மேல் இன்னொரு ஜாக்கெட். புளிமூட்டை ஒன்று சைக்கிள் ஏறப் புறப்பட்டது.

இந்த ஊரில் பனியில் சைக்கிள் விடுவது ஒரு சாகசமே இல்லை. குளிர்கால சைக்கிள் சவாரிக்கென்றே ஒரு பன்னாட்டு மாநாடு உண்டு. 2013இல் அதைத் தொடங்கியதே இங்கேதான். டிசம்பரில் சூரியன் பத்து மணிக்கு மேல்தான் எழும். பள்ளிப் பிள்ளைகள் அதற்கு முன்பே, பனி வாரும் வண்டி சீராக்கிய பாதையில், இருட்டோடு சாரிசாரியாகப் போய்விடுவார்கள். என் டயர் முழுக்க ஆணி. நம்மூரில் ஆணி குத்தினால் பஞ்சர். இங்கே காசு கொடுத்துக் குத்தி வாங்கியிருக்கிறேன்.

முதலில் பூட்டு திறக்கவில்லை. உள்ளே ஈரம் உறைந்திருந்தது. புத்திசாலித்தனமாக வாயால் ஊதினேன். மூச்சின் ஈரமும் சேர்ந்து உறைந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, சாவியை லைட்டரில் காட்டிச் சூடாக்கித் திறந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். (பேசியிருந்தால்தான் ஆச்சரியம்.)

ஒரு கிலோமீட்டர் தாண்டவில்லை, வியர்த்துக் கொட்டியது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது நெரிசலில் வியர்க்குமே, அப்படி. ஜிப்பைத் திறந்தால் வியர்வை ஜில்லிட்டு முதுகு விறைக்கிறது. மூடினால் மறுபடி ஊற்றுகிறது. திறப்பதும் மூடுவதுமாக நான் நிற்க, எழுபது வயதுப் பாட்டி ஒருவர் ஒற்றை ஜாக்கெட்டில், முன்கூடையில் முட்டைக்கோஸோடு, என்னைத் தாண்டிப் போனார்.

ஆபீசில் விளக்கினார்கள்: கிளம்பும்போது கொஞ்சம் நடுங்க வேண்டும். அந்த அளவுக்குத்தான் உடுத்த வேண்டும். பத்து நிமிடம் மிதித்தால் உடம்பு தானாகச் சூடேறிவிடும்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சாயங்காலம் வழியில் வீடியோவில் கூப்பிட்டாள். இமையில் படிந்த உறைபனியைப் பார்த்து, "கண்ணுல ஏன்டா விபூதி?" என்றாள். அடுத்து, "எத்தனை சட்டை போட்டிருக்கே?"

இந்தக் குளிரில் போன் பேட்டரி பொசுக்கென்று அணைந்துவிடும் என்று ஊரே குறைபட்டுக்கொள்ளும். என் போன் சரியாக அப்போது அணைந்தது. எனக்கு அதன்மேல் ஒரு குறையும் இல்லை.