போயிட்டு வர்றோம்

“அம்மா, இன்னைக்கு முழுசும் கடல்தான். எங்கயும் நிக்காது” என்றாள் மகள். விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கைப்பேசியில் சிக்னல் முந்தின இரவே போய்விட்டது. கண்ணாடிக்கு வெளியே எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே நீலக்கோடு.

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தாரே, அந்த உல்லாசக் கப்பல் பயணத்துக்கு அதே ஆண்டில் மகள் என்னை அழைத்து வந்திருந்தாள். கப்பலின் பெயர் எம்ப்ரஸ். இரண்டு இரவு, நடுவில் ஒரு பகல். முதல் நாள் மாலை கிளம்பி வங்கக்கடலில் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலை புறப்பட்ட துறைமுகத்துக்கே வந்து சேரும். கிளம்பும் அன்று எதிர்வீட்டு அக்கா, “எந்த ஊருக்குக் கப்பல்?” என்று கேட்டார். எந்த ஊருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “போயிட்டு வர்றோம் அக்கா” என்றேன். சொன்ன பிறகு வெகுநேரம் அந்த இரண்டு சொல்லும் மனசிலேயே நின்றன.

முன்பு ஒருமுறை என் அப்பாயி அதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது 1970. எனக்கு ஒன்பது வயது.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது சிவப்பு ஐ.சி. அந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் குடிமகன் இல்லை என்பதற்கான அட்டை. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய வேண்டுமென்றால் பெர்மிட் வேண்டும் என்ற விதி இறுகியது. பெர்மிட் கிடைக்காத குடும்பங்கள் தோட்டம் தோட்டமாகக் கிளம்பின. அப்படிக் கிளம்பியவர்களில் நாங்களும் இருந்தோம். அப்பாயி அந்த மண்ணுக்கு வந்தது 1938-க்கு முன்னால். தோட்டக் கூலிகளாக ஆட்களை அனுப்புவதை இந்திய அரசு தடைசெய்தது அந்த ஆண்டுதான். வந்தபோது அவர் பாவாடை கட்டிய சிறுமி. திரும்பும்போது பேத்தி எடுத்தவர்.

தோட்டத்துக் குடியிருப்பான லயத்தை விட்டுக் கிளம்பிய காலையில் அப்பாயி ஒவ்வொரு வாசலாக நின்று “போயிட்டு வர்றோம்” என்றார். ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டு இறங்குவது நம் வழக்கமில்லை. சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம். அவர் சொன்னதைக் கேட்ட எல்லோருக்கும் வரப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் வேறு எந்தச் சொல்லைச் சொல்வது? மொழியில் அதற்கு ஒரு சொல் இருந்திருந்தாலும் அப்பாயி அதை எடுத்திருக்க மாட்டார்.

பினாங்குப் பாலம் திறக்க இன்னும் பதினைந்து ஆண்டு இருந்தது. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறித்தான் பினாங்குக்குப் போனோம். அங்கே நின்றது ரஜூலா. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல், அப்போது அதற்கு நாற்பத்துநான்கு வயது. மலேயா போன தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பெயரைக் கேள்விப்படாத பாட்டி இருக்க மாட்டார். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று தலைமுறைக் கணக்கில் போய்வந்த கப்பல் அது.

எங்களுக்கு டெக் டிக்கெட். இரண்டு டிரங்குப் பெட்டிகளை அணைபோல வைத்து நடுவே பாயை விரித்தார் அம்மா. பாய் விரித்த இடம்தான் வீடு. பக்கத்துப் பாய்க்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். பண்டாரிகள் ஆக்கிய சோற்றைத் தட்டை நீட்டி வாங்கிவந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். மலாக்கா நீரிணை முடிந்து, சுமத்ராவின் வடமுனைக்கும் நிக்கோபாருக்கும் நடுவே கப்பல் திறந்த கடலுக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் தலை சுற்றியது. டெக் முழுக்கக் கோடாலித் தைலமும் எலுமிச்சம்பழமும் மணத்தன. இன்றைக்கும் அந்தத் தைலத்தைத் திறந்தால் என் காலடியில் தரை லேசாகச் சாய்கிறது.

அப்பா என்னைக் கம்பியோரம் அழைத்துப்போய், “நாம இருந்தது கடாரம் பாப்பா. ராஜேந்திர சோழன் படை வந்த கடலு இது” என்றார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார் சொன்னதை அவர் மறக்கவில்லை. அப்பாயி மட்டும் கடலைப் பார்க்கவே இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டி, பெட்டியில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். காலையில் டெக்கைக் கழுவ வரும் லஸ்கர் மாலுமி ஒருவரிடம் தினமும் ஒரே கேள்வி கேட்பார்: “கரை எந்தப் பக்கம்யா?” அவர் நல்ல மனிதர். முதல் நாள் நின்று, “எந்தக் கரை ஆயா?” என்று திருப்பிக் கேட்டார். அப்பாயி பதில் சொல்லவில்லை. மறுநாளும் அவர் கேட்டார், இவர் பேசாமல் இருந்தார். எனக்கு அப்போது அது புரியவில்லை. அப்பாயிக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

எம்ப்ரஸில் எங்களுக்கு ஓர் அறை, வெள்ளை விரிப்பு, கடல் பார்த்த கண்ணாடி. கப்பல் ஆடுகிறதா என்று தெரிந்துகொள்ளத் தண்ணீர்க் குவளையைப் பார்க்க வேண்டியிருந்தது. நீருக்கடியில் இருபுறமும் மீன் துடுப்புப்போல நீட்டும் தகடுகள் புரளலை அடக்குகின்றன என்று மகள் விளக்கினாள். மேல்தளத்தில் நீச்சல் குளம். நாடக அரங்கு. கரையை விட்டு வெகுதூரம் வந்தபின் திறக்கும் சூதாட்டக் கூடம். சாப்பாட்டுக் கூடத்தில் என் கையிலிருந்த தட்டைப் பணியாளர் ஒருவர் வாங்கிக்கொண்டு மேசைவரை வந்தார்.

ஒரு கணக்கு மட்டும் அன்று என்னை உட்காரவைத்தது. கப்பலுக்குச் சொல்லும் மொத்த டன் என்பது எடை இல்லை, உள்ளே இருக்கும் இடத்தின் அளவு. ரஜூலா 8,000 டன் சொச்சம். கட்டிய புதிதில் 5,000 பேருக்கு மேல் டெக்கில் ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. எம்ப்ரஸ் 48,000 டன்னைத் தாண்டும். அதில் ஏறுகிறவர்கள் 2,000 பேருக்குள்தான். கிட்டத்தட்ட ஆறு மடங்கு இடம், பாதிக்கும் குறைவான ஆட்கள். அன்று ஒருவருக்குக் கிடைத்தது பாயின் அகலம். இன்று எனக்கு மட்டும் கிடைத்த இடத்தில் அன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு மேலேயே படுத்திருக்கும். சுகமாக இருப்பது தப்பில்லை. எங்கள் அம்மா அந்த டெக்கில் கால் நீட்டிப் படுக்காத இரவுகளை நினைத்துக்கொண்டு நான் அந்த மெத்தையில் கால் நீட்டினேன். நன்றியோடுதான் நீட்டினேன்.

ரஜூலா 1974-ல் உடைக்கப்பட்டது. அதற்கு அடுத்து வந்த கப்பலுக்கு, 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யின் பெயரை வைத்தார்கள். எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தார்கள். அதோடு தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்குமான பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிந்தது. பிறகு எல்லோரும் விமானம் ஏறினோம். சில மணி நேரத்தில் கடலைக் கடந்துவிடுகிறோம். கடந்தோம் என்பதே மனதில் ஏறுவதில்லை.

எங்களை ஏற்றிவந்த அன்று ரஜூலா நாகப்பட்டினத்தில் கரையை ஒட்டவில்லை. தள்ளி நங்கூரமிட்டது. படகில் இறங்கிக் கரைக்கு வந்தோம். அப்பாயிக்கு ஊர் மண் ஞாபகமில்லை. அவரை நினைவு வைத்திருந்தவர்களும் அங்கே மிச்சமில்லை. ஊரில் எங்களை ‘மலாய்க்காரங்க’ என்றார்கள். தோட்டத்தில் இருந்தவரை ‘ஊருக்கு வெளியே வந்தவங்க’. அப்பாயி சாகும்வரை லயத்து முருங்கை மரத்தைப் பற்றிப் பேசினார், இந்நேரம் காய்த்திருக்கும் என்று. அந்த லஸ்கருக்கு அவர் ஏன் பதில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். அவருக்கு முன்னும் பின்னும் இரண்டு கரை இருந்தன. இரண்டையும் ‘என் கரை’ என்று சொல்ல முடியாத நிலையில் நடுக்கடலில் உட்கார்ந்திருந்தார்.

எங்கேயும் போகாத கப்பலுக்கு இவ்வளவு பணமா என்று உறவினர்கள் கேட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு கரையிலிருந்து கிளம்பி, கடலைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, அதே கரைக்குத் திரும்பி வருவது என் அப்பாயிக்கு ஒருமுறைகூட வாய்க்கவில்லை. அவர் இரண்டு முறை கடல் கடந்தார். இரண்டும் ஒருவழிப் பயணம்.

எம்ப்ரஸில் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மேல்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நின்றேன். காற்றில் உப்பு. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பையன் தமிழில் பேசினான், தூத்துக்குடிக்காரனாம்.

“தம்பி, கரை எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

அவன் யோசிக்கவே இல்லை. “அந்தா மேக்கால இருக்கும்மா. விடியக்குள்ள போயிருவோம்” என்று கையைக் காட்டினான்.

எந்தக் கரை என்று அவன் கேட்கவில்லை.