பூதத்தின் கால் நகம்

நாட்டிங்காம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ராபின் ஹூட் ஞாபகம் வருவார். ஆனால் அந்த ஊரின் அசல் பிரகிருதி, கட்டைவிரல் உயரப் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கும் நடுவயதுக்காரர். வார்ஹாமர் பொம்மைகளைச் செய்யும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் அங்கேதான். 1987இல் ‘கோல்டன் டீமன்’ என்று பெயின்ட் அடிப்பதற்கே ஒரு போட்டியும் ஆரம்பித்துவிட்டார்கள். நம்மவர் இதுவரை கலந்துகொண்டதில்லை. முதலில் பூதம் முடிய வேண்டுமே!

பூதம் என்பது, ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று முறைக்கும் ஒரு ட்ரோல். அதற்கு பிரைமர் அடிக்கவே முகூர்த்தம் பார்க்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் ஸ்ப்ரே பொரிந்து, பூதம் திருநீறு பூசிக்கொண்டதுபோல் ஆகிவிடும். ஈரமில்லாத நாளுக்கு இங்கிலாந்தில் எங்கே போவது? வானிலை அறிக்கையை விவசாயிக்கு அடுத்தபடி பயபக்தியோடு கேட்பவர் இவர்தான்.

பிரஷ் சாதாரணமானதல்ல. வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7, 1866இல் விக்டோரியா மகாராணிக்காகத் தயாரான வகை. கோலின்ஸ்கி என்ற சைபீரியப் பிராணியின் வால் மயிர். மகாராணி என்ன செய்தாரோ, இவர் அதை நாக்கில் வைத்து உருட்டித்தான் கூராக்குவார். பக்கத்தில் இரண்டு கோப்பைகள். ஒன்றில் டீ, ஒன்றில் பிரஷ் கழுவிய தண்ணீர். இரவு பதினொரு மணிக்கு இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு எதைக் குடித்தார் என்று அவரும் சொல்வதில்லை, வீட்டிலும் கேட்பதில்லை.

இவர் மேதைமை முழுவதும் இறங்கியது கால் நகங்களில். பூதத்துக்குப் பாதத்துக்கு மூன்று விரல். ஒவ்வொரு நகத்துக்கும் அடிநிறம், இடுக்கில் கறுப்பு வாஷ், விளிம்பில் தலைமயிர் கனத்தில் வெளிர்மஞ்சள் கோடு. ஒரு நகத்தில் கீறல், அதன் ஓரத்தில் அழுக்கு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நமக்கே நகம்வெட்டி தேடத் தோன்றும்.

பிறகு அதன் மேல் ரெசின் ஊற்றுவார். இரண்டு புட்டித் திரவத்தை அளந்து, நுரைக்காமல் நிதானமாகக் கலக்கி, மெல்லிய அடுக்காக ஊற்றி, கிளம்பும் குமிழியை ஊசியால் குத்துவார். தெளிந்த தண்ணீரை ஆறு என்று யார் நம்புவார்கள்? ஒரு சொட்டுப் பச்சை மை, இன்னொரு சொட்டுப் பழுப்பு. அவ்வளவுதான், நகம், விரல், பாதம் எல்லாம் ஜலசமாதி.

“எதுவுமே தெரியலையே, அப்புறம் எதுக்கு இத்தனை நாள் அதுக்குப் பெயின்ட்?” என்றார் மனைவி.

“எனக்குத் தெரியுமே, அங்கே நகம் இருக்குன்னு!”

ரெசின் இறுகும்வரை தூசி விழக்கூடாது என்று ஷூ டப்பாவைக் கவிழ்த்து மூடினார். நாய், ஜன்னல் காற்று, தும்மல் ஆகியவற்றுக்கு அந்த அறையில் தடை. மாமியாருக்கு மட்டும் தடை போட மறந்துவிட்டார். அந்த அம்மாள் டப்பாவைத் தூக்கிப் பார்த்து, “அடடே, நிஜத் தண்ணி மாதிரியே இருக்கே!” என்று பரவசப்பட்டார். அதோடு விட்டாரா? ஈரமா என்று ஆட்காட்டி விரலால் தொட்டும் பார்த்தார்.

வாழ்நாளில் நம்மவர் பெற்ற மிகப்பெரிய பாராட்டு, ரேகை உட்பட அப்படியே பதிந்துவிட்டது.

இப்போது அந்த இடத்தில் ஓர் அல்லி இலை மிதக்கிறது. ஏன் ஒரே ஒரு இலை என்று யாராவது கேட்டால், அது கம்போசிஷன் என்கிறார்.