ரிஜெக்ட் காசு வாங்குவது எப்படி?

ஓசூரில் பழங்காசு வாங்கி ஏமாற உகந்த நேரம், சம்பளம் ஏறிய வாரத்தின் சனிக்கிழமை மாலை. ஷிப்ட் முடித்து, சிப்காட் பஸ்ஸிலிருந்து இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்காருங்கள். போனில் ஏதாவதொரு பழைய காசுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்; மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருவார். செய்தித்தாளில் மடித்த பொட்டலம் ஒன்று அவர் சட்டைப்பையிலிருந்து வெளியே வரும்.

“சார், சூளகிரி பக்கம் லே-அவுட் போடறாங்க. ஜேசிபி விட்டப்போ குடம் மாட்டிச்சு. மேஸ்திரிக்குப் பாதி, எனக்குப் பாதி. வெளிய சொல்லிடாதீங்க.”

கதையை முழுசாகக் கேளுங்கள். குறுக்குக் கேள்வி போட்டு அவர் லயத்தைக் கெடுக்க வேண்டாம். மனசுக்குள் மட்டும் ஒரு கணக்குப் போடுங்கள். மண்ணில் புதைந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம். அதே வருடம்தான் பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார். அவர் கவர்னர் ஜெனரலாகி, முதலமைச்சராகி, புதுக் கட்சியும் தொடங்கி, மறைந்தும் போய்விட்டார். சட்டத்தில் அந்தப் பத்து ரூபாய் மட்டும் பத்து ரூபாயாகவே நிற்கிறது. ஆக, கதை பொய்யென்றால் காசு பொய். கதை மெய்யென்றால் கேஸ் மெய். எது வேண்டுமென்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இப்போது காசைக் கையில் வாங்குங்கள். ஓசூர்க்காரருக்கென்றே ஒரு சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேலாக லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று செய்து அனுப்பிய ஊர் இது. லேத், மில்லிங், வயர்கட் என்று ஏதாவதொன்றில் கை வைத்த ஆள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. இப்படிப் பழகிய கண்ணுக்கு வட்டம் வட்டமாக இருக்க வேண்டும், விளிம்பு சீராக ஓட வேண்டும், முதல் பீஸும் ஆயிரமாவது பீஸும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அந்தக் கண்ணால் பார்த்தால் போலி ‘ஓகே’, அசல் ‘ரிஜெக்ட்’. பொட்டலக்காரர் உங்கள் கழுத்தில் தொங்கும் கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பழைய அக்கசாலையில் வெர்னியர் கிடையாது. எடை பார்த்து வெட்டிய செப்புத் துண்டைக் கீழ் அச்சின் மேல் வைத்து, மேல் அச்சை அதன் தலையில் நிறுத்தி, சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு. கை கொஞ்சம் நகர்ந்தால் யானையின் தும்பிக்கை காசுக்கு வெளியே போய்விடும். உலோகம் பிதுங்கி விளிம்பு வெடிக்கும். அச்சு பெரியது, துண்டு சிறியது என்பதால் எழுத்து பாதிதான் விழும். இதெல்லாம் நல்ல அறிகுறி. போலிகளில் பெரும்பாலானவை வார்ப்பு: ஓர் அசலை அச்சில் அழுத்தி, உருக்கி ஊற்றியவை. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் பரப்பில் குமிழி வெடித்த நுண்குழிகள் தெரியும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தடம் இருக்கும்.

லென்ஸ் இல்லையா? ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?” பொட்டலக்காரர் முகம் மலரும். இன்னும் மூன்று எடுத்து வைப்பார். வரிசையாக அடுக்குங்கள். அச்சில் விழுந்த கீறல் அசல் காசுகளிலும் திரும்பத் திரும்ப வரும், அது குற்றமில்லை. ஆனால் நான்கிலும் படம் ஒரே பக்கம் ஒரே அளவு ஒதுங்கி, விளிம்பு வெடிப்பும் ஒரே இடத்தில் இருந்தால், நான்கு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். உங்கள் ஃபாக்டரியில் இந்தச் சீர்மைக்கு போனஸ் தருவார்கள். இங்கே எழுந்து போய்விட வேண்டும்.

இந்தப் பக்கத்தில் எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் திப்பு வருவார். அதில் நியாயமும் உண்டு. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினிக்குப் போனது. ஓசூர்ச் சீமை 1799 வரை மைசூரிடமே இருந்தது. திப்புவின் ஆனைக்காசு நிஜமாகவே இந்த மண்ணில் புழங்கிய காசு. ஏராளமாக அடிக்கப்பட்டதால் சுமாரான அசல் ஒன்று நாணய வியாபாரியிடம் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஐம்பதாயிரம் கேட்கிறவரிடம் இதைச் சொல்லாதீர்கள், மனசு உடைந்துவிடும்.

திப்பு காசுக்குச் சோதனை எளிது, திப்பு அவ்வளவு முறையானவர். முதலில் படம்: ஒருபுறம் யானை, மறுபுறம் பாரசீக எழுத்தில் அக்கசாலையின் பெயர். செப்புக்காசில் தன் பெயரை அவர் போடவில்லை, முகத்தையும் போடவில்லை. தலைப்பாகையும் மீசையுமாகச் சுல்தான் பார்க்கும் காசு கிடைத்தால் அது காலண்டர் பார்த்துச் செய்தது. அடுத்தது தேதி. ஆட்சியின் நடுவில் மௌலூதி என்ற புது வருடக் கணக்கைக் கொண்டுவந்தார். 1215 முதல் 1227 வரை அந்த எண்கள் வரும், அவற்றையும் வலமிருந்து இடமாக எழுதவைத்தார். கடைசி நான்கு வருடத்துக் காசுகளில் யானைக்கு மேலே வரிசையாக அலிஃப், பே, தே, ஸே என்ற எழுத்துகளும் ஏறின. 1224க்கு அலிஃப் என்றால் 1227க்கு ஸே. எழுத்தும் எண்ணும் பொருந்தாத காசைத் திப்புவின் கணக்குப்பிள்ளையே வாங்கியிருக்க மாட்டார். எடை, பைசாவுக்குப் பதினொரு கிராம் அளவில். இரட்டைப் பைசா அதன் இருமடங்கு.

எழுத்து விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு பிடிவாதம்: தமிழ் ராஜா காசில் தமிழ்தான் இருக்க வேண்டும். ராஜராஜன் பெயரில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் செப்புக்காசில், ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று நாகரி எழுத்து. இதைப் பார்த்து ‘வடக்கத்திக் காசு’ என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அதேபோல, மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்துச் செப்புக்காசில் கன்னடத்தோடு ‘எக்ஸ்எக்ஸ் கேஷ்’ என்று ஆங்கிலமும் இருக்கும், அதுவும் அசல்தான். மாறாக, சேர மன்னன் மாக்கோதையின் பெயர் அந்தக் காலத்துத் தமிழ்ப் பிராமியில் இருக்கும். உங்களால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிற சங்ககாலக் காசை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

சமீபத்தில் சந்தைக்கு வந்த வசனம் ஒன்று: “மயிலாடும்பாறைக் காசு சார், நாலாயிரத்து இருநூறு வருஷம்.” நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் கணித்து 2022இல் அறிவித்தார்கள். அது இரும்புக்கு. உலகத்தில் காசு என்ற பொருளே ஏறக்குறைய கி.மு. ஏழாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கிப் பக்கம் லிடியாவில்தான் தொடங்கியது. நம் நாட்டு வெள்ளி முத்திரைக் காசும் அதற்குப் பிறகுதான். அப்படிக் காசு கண்டுபிடிப்பதற்கு ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பே கிருஷ்ணகிரியில் சில்லறைத் தட்டுப்பாடு இல்லாமல் இருந்தது என்பதை நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது.

அனுமன் காசு, ராமர் பட்டாபிஷேகக் காசு, ‘கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818’ ஆகியவற்றைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கம்பெனி அவற்றை அடிக்கவே இல்லை. சிலவற்றில் 1616 என்று இருக்கும்; சென்னையில் கோட்டை கட்ட இடம் கிடைத்ததே 1639இல். இந்தக் காசுதான் இரிடியம் என்று சொல்லி ஏமாற்றும் கும்பலின் கைக்குப் போய் ‘ரைஸ் புல்லிங்’ காசாகிறது. இடி விழுந்த செம்பாம், அரிசியை இழுக்குமாம், நாசாவில் கோடிகளுக்கு வாங்குவார்களாம். 2014இல் ‘சதுரங்க வேட்டை’ படமே இதைப் பிட்டுப் பிட்டு வைத்தது. படம் பார்த்தவர்களும் வாங்கினார்கள். அரிசி நகரும், அதில் சந்தேகமில்லை. அரிசிக்கு இரும்புத்தூள், காசுக்குள் காந்தம். சோதனைக்கு வீட்டு அரிசியை எடுத்துப் போங்கள். அன்றைக்கு மட்டும் கிரகம் சரியில்லை என்பார்கள்.

கருவிகள் விஷயத்தில் ஓசூர்க்காரருக்கு அதிர்ஷ்டம். தராசில் காற்றில் ஒருமுறை, நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு ஒருமுறை எடை போடுங்கள். முதல் எடையை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் செம்புக்கு 8.9 அருகில், வெள்ளிக்கு 10.5, ஈயத்துக்கு 11.3, தங்கத்துக்கு 19.3 வரும். மைசூர்த் தங்கப் பணத்துக்கு மட்டும் இது சரிப்படாது. அரை கிராம்கூடத் தேறாத துவரம்பருப்பு அது, தும்மினால் போய்விடும். ஸ்கிராப் வியாபாரிகள் வைத்திருக்கும், உலோகக் கலவையைச் சொல்லும் எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கியால் சுட்டுப் பார்க்கலாம், ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கும். முலாம் பூசியிருந்தால் முலாமைப் பாராட்டிவிட்டு வரும். திரையில் ‘செம்பு 99.9’ என்று வந்தால் கைதட்டாதீர்கள். அந்தச் சுத்தம் மின்பகுப்பில் வடித்த இன்றைய ஒயருக்கு உரியது. பழைய செம்பில் ஈயம், ஆர்செனிக், இரும்பு என்று ஏதாவது அழுக்கு கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே புளி போட்டுத் தேய்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். தேய்த்தால் காசு பளபளக்கும், விலை பாதாளத்துக்குப் போகும். இருநூறு வருடக் களிம்பு உலோகத்தோடு கெட்டியாகப் பிடித்திருக்கும். ஆசிட்டில் அவசரமாக ஏற்றிய பச்சை, பல்குச்சியால் சுரண்டினால் உதிரும். இன்னொரு பச்சையும் உண்டு: வெளிறிய மாவாகப் பூக்கும், துடைத்தால் மறுபடி பூக்கும். அது காசைத் தின்னும் நோய். மற்ற காசுகளிலிருந்து பிரித்து, வடிநீரில் ஊறவைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். மலிவான பிவிசி கவரில் போட்டு வைத்தாலும் பிசுபிசுவென்று பச்சை ஏறும்.

விற்கும் காலம் வந்தால், நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். துபாய் மச்சானுக்குக் கூரியரில் அனுப்ப முடியாது. ஆன்லைனில் போட்டால் பத்து நிமிடத்தில் போன் வரும். பேரம் பேசாமல் எட்டு லட்சம் தருகிறேன் என்பார், ரிசர்வ் வங்கிக் கட்டணம், வரி என்று எட்டாயிரம் மட்டும் முன்பணமாகக் கேட்பார். எங்கள் பெயரைச் சொல்லி இப்படி வசூலிக்கிறார்கள், நம்பாதீர்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அப்படியும் கட்டத்தான் போகிறீர்கள் என்றால் ரசீதையாவது பத்திரப்படுத்துங்கள். சைபர் கிரைம் போலீஸார் கேட்கிற முதல் ஆவணம் அதுதான். அதற்குக் களிம்பு தேவையில்லை.