சிலிக்கான் சிகாமணி

ஃபுளோரிடாவின் படகுத்துறைகளில் கோடைக்கால ஞாயிறு மாலைகளில் தென்படும் ஒரு வகை ஆசாமி உண்டு. டிரெய்லரில் ஏற்றிய ஜெட் ஸ்கியின் இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு, தலையையும் ஒரு கையையும் எஞ்சின் அறைக்குள் நுழைத்து, பின்புறத்தை மட்டும் ஊருக்குக் காட்டிக்கொண்டிருப்பார். மறு கையில் ஒரு டியூப் சிலிக்கான். வண்டிக்குள் தண்ணீர் ஏறுகிறது. எந்த வழியாக என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவர் பெரிதாக மெனக்கெடுவதும் இல்லை. ஈரமாக இருந்தால் பூசுவார். ஈரமில்லாமல் சந்தேகமாக மட்டும் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாகப் பூசுவார். இவரைச் சிலிக்கான் சிகாமணி என்று அழைப்பதில் தவறில்லை.

சிகாமணி சோம்பேறி அல்ல, கடும் உழைப்பாளி. அவர் கேட்கும் கேள்விதான் கோணல். 'எங்கே ஒழுகுகிறது?' என்று தேடுகிறார், 'எப்போது ஒழுகுகிறது?' என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும், சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது அபூர்வம். ஜெட் ஸ்கியிலும் தண்ணீர் எங்கே நுழைந்தாலும் கடைசியில் அடித்தட்டின் பள்ளத்தில்தான் வந்து தேங்கும். தேங்கிய இடத்தைப் பார்த்து நுழைந்த இடத்தைச் சொல்ல முடியாது. நேரம் அப்படி ஏமாற்றாது. எஞ்சினைப் போடாமல் வண்டியைத் துறையில் அரை மணி நேரம் கட்டி வையுங்கள். அதற்குள் தண்ணீர் ஏறினால், பின்பக்கத்து வடிகால் பிளக்குகள், வண்டியைத் தள்ளும் ஜெட் பம்புக்குப் போகும் தண்டைச் சுற்றிய சீல், உடலில் விழுந்த விரிசல் என்று சந்தேகப் பட்டியல் சுருங்கிவிடும். பிளக்கின் ரப்பர் வளையத்தில் ஒட்டிய ஒரு மணல் துணுக்கே போதும். கட்டி வைத்தபோது காய்ந்திருந்து, ஓட்டும்போது மட்டும் ஏறினால் பெரும்பாலும் குற்றவாளி வேறு: எஞ்சின் ஓடினால்தான் பம்ப் தள்ளும் தண்ணீர் குளிரூட்டும் ஹோஸ்களுக்குள் அழுத்தத்தோடு போகும், தளர்ந்த கிளாம்ப் அப்போதுதான் பீய்ச்சும். இதைக் கரையிலேயே சோதிக்கலாம். தோட்டத்து ஹோஸை மாட்டி, முதலில் எஞ்சினைப் போட்டுப் பிறகு குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் குழாய், பிறகு எஞ்சின். மாற்றிச் செய்தால் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே போய்விடும். நீண்ட நேரமும் ஓட்டக் கூடாது. தண்டைச் சுற்றிக் கார்பன் சீல் வைத்த வண்டிகளில் அந்தச் சீல் குளிர்வது ஏரித் தண்ணீரால்தான். இன்னும் எளிய வழி, அடித்தட்டை நன்றாகத் துடைத்துக் காயவைத்துக் குழந்தைப் பவுடரைத் தூவிவிடுவது. தண்ணீர் வந்த தடம் வெள்ளையில் கோடு கோடாகத் தெரியும். ஒரு டப்பா பவுடரின் விலை ஒரு டியூப் சிலிக்கானைவிட அதிகமில்லை.

'பூசினால் சில சமயம் நின்றுவிடுகிறதே' என்பார் சிகாமணி. நிற்கலாம். பூசிய ஏழு இடத்தில் எது நிறுத்தியது என்பது அவருக்கும் தெரியாது. ஆகவே அடுத்த கோடையில் மறுபடி ஏழையும் பூசுவார். அழுத்தமும் சூடும் ஏறும் ஹோஸ் மூட்டில் அந்தப் பூச்சு வெகுநாள் தாங்காது. ஒரு புதுக் கிளாம்ப் தாங்கும். 'கொஞ்சம் தண்ணீர் இருக்கத்தானே செய்யும்' என்பது அவருடைய இரண்டாவது வாதம். இதில் நியாயம் உண்டு. இருக்கை வழியாகவும் அலை அடித்தும் ஒன்றிரண்டு கோப்பை சேருவது சகஜம், அதற்குக் கலங்க வேண்டாம். ஆனால் மின்சார பம்பு ஒன்றைப் பொருத்திவிட்டால் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை என்று அவர் அடுத்த அடி எடுத்து வைக்கும்போதுதான் வம்பு. பம்ப் பேட்டரியை நம்பியிருக்கிறது. உப்புத் தண்ணீரோ ஸ்டார்ட்டர் மோட்டாரை அரிப்பதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருப்பதில்லை. போதாக்குறைக்குச் சுழலும் தண்டு தேங்கிய தண்ணீரை அள்ளி எஞ்சின் அறை முழுக்க வாரி இறைக்கும்.

சிகாமணியின் தலைசிறந்த படைப்பு இதற்கெல்லாம் மேலே. பல வண்டிகளில் உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்ற மோட்டாரே இல்லாத மெல்லிய குழாய்கள் இருக்கும். வண்டி ஓடும்போது ஜெட் பம்பின் வேகநீர் உண்டாக்கும் உறிஞ்சலே அடித்தட்டுத் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளிவிடும். வண்டி நின்றதும் குழாயின் வெளி முனை ஏரிக்குள் மூழ்கியிருக்குமே, ஏரி திரும்பி உள்ளே ஏறாதா? ஏறாமலிருக்கத்தான் குழாயை மேலே வளைத்து, அந்த வளைவின் உச்சியில் காற்று புக ஒரு சின்னத் துளை வைத்திருக்கிறார்கள். சிகாமணி டார்ச் அடித்துத் தேடுகையில் கண்ணுக்குத் தெரிகிற ஒரே துளை அதுதான். பரவசத்தோடு அடைத்துவிடுவார். அதன் பிறகு வண்டி சும்மா நிற்கும்போதும் ஏரி தாராளமாக உள்ளே வரும். அதற்கு அவர் செய்யும் வைத்தியம் இன்னொரு டியூப்.

ஆகவே, எந்தத் துளையையும் அடைக்குமுன் அதைத் தொழிற்சாலை போட்டதா, பாறை போட்டதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். சிலிக்கான் மிச்சமிருந்தால் குளியல் தொட்டியின் ஓரத்துக்குப் பூசலாம். அங்கே அது நன்றாகவே வேலை செய்யும்.