வாசல் பூட்டை நீங்களே சரிசெய்யலாம்!

வாசல் கதவுப் பூட்டு மக்கர் செய்கிறதா? கவலையே வேண்டாம். பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே முடித்திருப்பீர்கள். மீதியையும் வரிசையாகச் செய்துவிடுங்கள்.

1. சாவி சிக்கத் தொடங்கியதும் ஒரு நேக்கு கண்டுபிடியுங்கள். கதவை முழங்காலால் தள்ளி, கைப்பிடியைத் தூக்கி, சாவியை மயிரிழை வெளியே இழுத்துத் திருப்பினால் திறக்கும். இந்த நேக்கு வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அவர் அடிக்கடி வெளியூர் போகிறவராக இருப்பது உத்தமம்.

2. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். அப்போது தடையில்லாமல் திரும்பினால் குட்டு உடைந்துவிடும்: கோளாறு பூட்டில் இல்லை, கீல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கிறது, அல்லது ஐப்பசி மழையில் பலகை ஊறி உப்பியிருக்கிறது. கீலின் ஸ்க்ரூவை இறுக்கி ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பீர்கள்?

3. தேங்காயெண்ணெய் ஊற்றுங்கள். தூசியெல்லாம் அதில் ஒட்டிக் களிம்பாகும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும் என்பதால், மார்கழி விடியலில் பூட்டுக்குள் நெய்போல நிற்கும். பென்சில் முனையைச் சுரண்டி கிராஃபைட் பொடி தூவுகிறவர்களோடு சகவாசம் வேண்டாம்.

4. இன்னும் திரும்பவில்லையா? கட்டிங் பிளேயரால் சாவியின் தலையைப் பிடித்துத் திருகுங்கள். பித்தளைதானே, முறியும். உள்ளே நிற்கும் துண்டை எடுக்க, குச்சியில் ஃபெவிக்விக் தடவி நுழையுங்கள். இனி பூட்டு, துண்டு, குச்சி மூன்றும் ஒன்றே.

5. கடைக்கு வெறுங்கையோடு போங்கள். சிலிண்டர் 60 மில்லிமீட்டரா, 70-ஆ என்று கடைக்காரர் கேட்டால், "சாதா வீட்டுக் கதவுதாங்க" என்று சொல்லுங்கள். கதவின் விளிம்பிலுள்ள ஒரே ஒரு நீள ஸ்க்ரூவைக் கழற்றி சிலிண்டரை மட்டும் மாற்றலாம் என்று அவர் சொல்ல வாயெடுக்கும்போது, கைப்பிடியோடு முழு செட்டையும் காட்டச் சொல்லுங்கள். இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் ரகமாகப் பார்த்து எடுங்கள்.

6. புது செட் பழைய ஓட்டையில் உட்காராது. உளி இல்லையென்றால் டெஸ்டரும் அம்மிக்குழவியும் போதும்.

7. வெளியூர் போகும்போது கூடுதலாக ஒரு திண்டுக்கல் பூட்டு தொங்கட்டும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது. நாதாங்கி மட்டும் தாத்தா காலத்துத் தகரமாகவே இருக்கட்டும். அரை அங்குல ஸ்க்ரூ, தலை தெருவைப் பார்த்தபடி. ஓட்டை தளர்ந்திருந்தால் தீக்குச்சியைச் செருகி, ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடித்து இறக்குங்கள். திருடர் உங்கள் பூட்டில் ஒரு கீறல்கூடப் போட மாட்டார்.

8. வாடகை வீடா? பூட்டை மாற்றவே மாற்றாதீர்கள். முன்பு குடியிருந்தவர், பெயின்டர், புரோக்கர் என்று சாவி வைத்திருப்பவர்கள் மனம் நோகும்.

9. உபரிச் சாவியை இபி மீட்டர் பெட்டிமேல் ஒளித்து வையுங்கள். வைத்ததும் வாசலில் நின்றபடியே போனில் உரக்கச் சொல்லுங்கள்: "மீட்டர் பெட்டி மேலதான்டா வச்சிருக்கேன்!" தெருவில் நாலு பேருக்குத் தெரிந்திருப்பது ஆபத்துக்கு உதவும்.

10. புதுப் பூட்டின் சாவிகள் அத்தனையையும் ஒரே வளையத்தில் கோத்து, கூடத்து ஆணியில் மாட்டுங்கள். மீட்டர் பெட்டிமேல் இருப்பது பழைய பூட்டின் சாவி. அது அங்கேயே இருக்கட்டும். பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்துங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டதா? பூட்டு பிரமாதமாக வேலை செய்கிறது.