காபித் தோட்டத்துக் கையெழுத்துக் கலைஞர்: ஓர் ஆய்வு

களம்

இந்தக் கலைஞரை நான் வலையில் மேய்ந்துதான் கண்டுபிடித்தேன். அதற்கு சிக்னல் தேவைப்படவில்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டில் ஏதாவதொரு காபித் தோட்டத்து வேலியோரம் நின்றால் போதும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்ததை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. சில்வர் ஓக் நிழலில் நடந்துவரும் கண்காட்சியைத்தான் விட்டுவிட்டது. கலைஞரின் பெயர் கையெழுத்துச் சிலந்தி, ஆய்வுலகில் ஆர்ஜியோப்பி.

செய்முறை

வட்ட வலை. அதன் நடுவே நெளிநெளியாக நான்கு வெள்ளைப் பட்டைகள், பெருக்கல் குறி போல. எட்டுக் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அந்த நான்கு பட்டைகளோடு பொருத்தி, கலைஞர் தலைகீழாக நடுவில் அமர்கிறார். படைப்பு எங்கே முடிகிறது, படைப்பாளி எங்கே தொடங்குகிறார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். இளமையில் வட்டத் தட்டாகப் பின்னுவார். பெருக்கல் குறி முதிர்ந்த காலத்துப் பாணி. சில நாள் இரண்டு பட்டையோடு நிறுத்திவிடுவார். சில நாள் அதுவும் கிடையாது. கணவர்கள் உருவத்தில் மிகச் சிறியவர்கள். அவர்களைப் பற்றிய தரவுகள் குறைவு; திருமணத்துக்குப் பிறகு பலர் பேட்டிக்குக் கிடைப்பதில்லை.

மரபு

முன்னோர் ஒருவர் திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலைப்பந்தல் போட்டதும், யானை அதைப் பிய்க்கப் பிய்க்க மீண்டும் பின்னியதும், மறுபிறவியில் கோச்செங்கட் சோழராகி யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளியதும் தலபுராணம் அறிந்த செய்தி. பித்து பரம்பரைச் சொத்து என்பது இதனால் பெறப்படும்.

வாதங்கள்

வலை நடுவே இந்த வெள்ளைப் பட்டை அலங்காரம் எதற்கு என்று நூறாண்டுக்கு மேலாகச் சண்டை நடக்கிறது. வலைக்கு வலுவூட்டத்தான் என்றார்கள் முதலில். அது இல்லாத வலையும் ஒழுங்காகவே நிற்கிறது. பறவைகள் பார்த்து விலகிப்போகட்டும் என்றுதான் என 1983இல் ஐஸ்னரும் நோவிக்கியும் சொன்னார்கள். பட்டை புற ஊதா ஒளியை எதிரொளித்துப் பூச்சிகளைக் கூப்பிடுகிறது என 1990இல் கிரெய்கும் பெர்னார்டும் சொன்னார்கள். 1999இல் பிளாக்லெட்ஜும் வென்செலும் அமெரிக்க உறவினர் ஒருவரின் வலைகளை எண்ணிப் பார்த்தார்கள்: அலங்கரித்த வலையில் இரை குறைவாகவே சிக்கியது. அதாவது, வியாபாரம் படுத்தாலும் அலங்காரம் நிற்பதில்லை.

வாசலில் கோலம் போடுகிறவரிடம் போய், “இது எறும்புக்கா, லட்சுமிக்கா, எதிர்வீட்டுக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். “தள்ளி நில்லுங்க, அழிஞ்சிடும்” என்பார். இத்துறையில் இதைவிடத் தெளிவான விடை இதுவரை கிடைக்கவில்லை.

பரிந்துரை

ஏற்காட்டின் மே மாதக் கோடை விழா மலர்க் கண்காட்சியில் இவருக்கும் ஒரு பிரிவு ஒதுக்கலாம். நடைமுறைச் சிக்கல் ஒன்றுதான். பழைய வலையைச் சுருட்டி விழுங்கி, அந்தப் புரதத்திலேயே புது வலை பின்னுவது இவர் வழக்கம். நடுவர் குழு காலை டிபனை முடித்துக்கொண்டு வந்து சேரும்போது, முதல் பரிசுக்குரிய படைப்பு கலைஞரின் டிபனாகியிருக்கும்.